விளக்குக்காரர் வீட்டு இருட்டு

அந்தத் தெருவிலேயே இருட்டான வீடு எது என்று கேட்டால் எல்லோரும் விளக்குக்காரர் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். ஓட்டல்கள், நாடக அரங்குகள், பெரிய மனிதர்களின் மாடிப்படிகள் என்று ஊருக்கெல்லாம் வெளிச்சம் மாட்டிவிட்டு வருகிறவர் அவர். அவர் வீட்டிலோ பொழுது சாய்ந்ததும் குழல் விளக்குகள் அணைந்துவிடும். கூடத்து மூலையில் ஒரு சிவப்பு பல்பு, அடுப்படியில் பழுப்புக் காகிதம் சுற்றிய இன்னொன்று, அவ்வளவுதான்.

"கரண்ட் பில் கட்டலையா சார்?" என்று எதிர்வீட்டுக்காரர் ஆரம்பத்தில் அக்கறையோடு விசாரித்தார்.

"கட்டிட்டோம். வெளிச்சம் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டோம்" என்றாள் விளக்குக்காரரின் மனைவி. அதோடு விசாரணை முடிந்தது.

விஷயம் வேறு. அவருக்கு இருந்ததை டாக்டர் பைபோலார் என்பார். ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரம் இருமுனைக் கோளாறு என்னும். வீட்டில் அதற்குப் பெயர் 'லிஃப்ட்'. சில மாதங்கள் அது நிலவறைக்குப் போய்க் கதவு திறக்காமல் நின்றுவிடும். சில மாதங்கள் யாரும் பொத்தானை அழுத்தாமலே மேலே கிளம்பும். போன முறை கிளம்பியபோது, தூக்கத்தை மறந்து தெரு மரங்களுக்கெல்லாம் விளக்குச்சரம் கட்டி, பறவைகளையும் அக்கம்பக்கத்தையும் ஒருசேர எழுப்பிவிட்டு, கடைசியில் ஆஸ்பத்திரியில் இறங்கினார். அதற்குப் பிறகு வந்த இறக்கம்தான் மோசம். குளிக்கக்கூட எழ முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மாத்திரையோடு டாக்டர் ஒன்று சொன்னார்: "தூக்கம் குறையறதுதான் முதல் எச்சரிக்கை மணி. ஒரே நேரத்துல படுங்க, ஒரே நேரத்துல எழுந்திருங்க. சாயங்காலம் வெளிச்சத்தைக் குறைங்க." பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து, அலறுகிறவர்களை அமைதியாக உட்காரவைத்தே பழகிய மனைவி, வீட்டுக்கு வந்ததும் அதைச் சட்டமாக்கினாள்.

சட்டம் என்றாலும் சுகமாகத்தான் இருந்தது. சிவப்பு பல்பு எரிந்ததும் வீடு கப்பலைப் போல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கும். அலமாரிகள் தங்கள் முனைகளை இழக்கும். சுவர்க் கடிகாரம் முகமில்லாமல் ஓசை மட்டும் போடும். பேசுகிறவர்களின் குரல் தானாகத் தணியும். தண்ணீர்க் குவளையை வைக்கும் கைகூடச் சத்தமில்லாமல் வைக்கும். தூக்கம், பழகிய பூனையைப் போல, கூப்பிடாமலே வந்து காலருகில் படுக்கும்.

அந்தப் பூனையை விரட்ட வந்தவர் மனைவியின் அண்ணன்.

அவர் நித்திரைக் கலை நிபுணர். அவருடைய விசிட்டிங் கார்டு அப்படித்தான் சொன்னது. முந்தைய கார்டுகள் வேறு வேறு கலைகளைச் சொல்லியிருந்தன. தூங்குவது எப்படி என்று மேடை மேடையாகப் பேசுவார். பேச்சு பலனளிப்பதை முன்வரிசையிலேயே பார்க்கலாம். இப்போது 'ஆழ்துயில் மையம்' ஒன்றைத் திறக்கப்போகிறார். அதன் கூடத்துக்கு ஒரு சரவிளக்கு வேண்டுமாம்.

"தூங்கற இடத்துல சரவிளக்கு எதுக்கு மச்சான்?"

"தூக்கத்துக்கு ஒரு கம்பீரம் வேணாமா மாப்பிள்ளை?"

விளக்குக்காரர் ஒப்புக்கொண்டார். பின்கட்டு அறையில் பளிச்சென்ற வேலை விளக்கின் கீழ் கண்ணாடிச் சரங்களைக் கோத்து, பல்புகளைப் பொருத்தினார். சாயங்காலம் வெளியே போகும்போது போட்டுக்கொள்ளச் சொல்லி, வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் ஓர் ஆரஞ்சு மூக்குக்கண்ணாடியை டாக்டர் கொடுத்திருந்தார். மனைவி தூங்கிய பிறகு அதை மாட்டிக்கொண்டு, படுக்கவேண்டிய நேரம் தாண்டியும் உட்கார்ந்தார். கண்ணாடி போட்டிருக்கிறோமே, இது எப்படிச் சட்டமீறலாகும் என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டார்.

தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. காகம் எழுமுன்பே எழுந்தார். களைப்பே இல்லை, அதுதான் இனிமை. பல் தேய்க்கும்போது குழாய்த் தண்ணீர் மின்னியது. ஒரு சரவிளக்கு போதாது, கூரை முழுக்க நட்சத்திரம் பதிக்கலாம், அவை மூச்சு விடுகிற வேகத்தில் மங்கி மங்கி எரியட்டும் என்று யோசனைகள் கைகோத்து ஊர்வலம் போயின.

"எத்தனாவது மாடி?" என்று மனைவி வழக்கம்போலக் கேட்டாள்.

"தரைத்தளம்தாம்மா" என்றார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

திறப்புவிழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம் சரவிளக்கை மாட்டினார்கள். மச்சான் பொத்தானை அழுத்தினார். பாதி பல்புகள் தேன் நிறத்தில் கனிந்தன. மீதிப் பாதி வெள்ளை வெளேரென்று பல் மருத்துவமனையாக எரிந்தன. ஆரஞ்சுக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தால் எல்லா பல்பும் ஒரே நிறம். வாழ்நாளில் விளக்குக்காரர் இப்படிக் கலந்து மாட்டியதில்லை.

பொழுது சாய்ந்ததும் மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஒரே ஒரு ராத்திரி மாப்பிள்ளை! உக்காந்து எல்லாத்தையும் கழட்டி மாட்டிட்டா முடிஞ்சுது. காலையில பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. தூக்கமா? அது எங்க போயிடும்?"

"அண்ணா, நீதானே தூக்கத்தைத் தள்ளிப்போடாதீங்கன்னு ஊரெல்லாம் பேசற?" என்றாள் தங்கை.

"அது பொதுமக்களுக்கும்மா."

விளக்குக்காரரின் கை அதற்குள் கருவிப்பெட்டியைத் தூக்கிவிட்டது. ஒரு ராத்திரி! கூரையில் நட்சத்திரமும் பதித்துவிடலாம். உள்ளங்கால் தரையில் படவில்லை.

மனைவி அவரைப் பார்த்தாள். "எப்படிங்க பல்பு கலந்துச்சு? ராத்திரில அந்தக் கண்ணாடியோட உக்காந்து வேலை பாத்தீங்களா?"

அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவள் சிவப்பு பல்பை மட்டும் போட்டுவிட்டு, அண்ணனைச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்த மச்சான் மேடையேறிவிட்டார். "மனிதன் என்பவன்... தன் வாழ்வில் மூன்றிலொரு பங்கை..." வீடு தண்ணீருக்குள் இறங்கியது. "அந்தப் பங்கை... எப்படி நாம்..." கடிகாரம் முகமில்லாமல் ஓசை போட்டது. "அதாவது... மாப்பிள்ளை..." வாக்கியம் பாதியில் தொங்க, தலை தோளில் சரிந்தது. கம்பீரம் ஏதுமில்லாத ஒரு குறட்டை கிளம்பியது.

விளக்குக்காரர் கதவருகே பெட்டியோடு நின்றார். தடுக்க யாரும் எழவில்லை. வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. போனால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வரும் சுவரும் தெரியும். அந்தச் சுவரில் எந்த இடத்தில் சுண்ணாம்பு உரிந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

"ஏம்மா" என்றார். "நான் பொய் சொன்னேன். தரைத்தளம் இல்ல. எவ்வளவு மேலன்னு தெரியல. ஜன்னல்ல மேகந்தான் தெரியுது."

அவள் எழுந்து வந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். "தெரியும். நீங்களா சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நல்லா இருக்கும்மா அங்க. அதான் கஷ்டம்."

"இருக்கட்டும். டாக்டருக்குப் போன் போடுவோம்."

டாக்டர் காலையிலேயே வரச் சொன்னார். இப்படி நேர்ந்தால் எடுத்துக்கொள்ள அவர் எழுதிவைத்திருந்த மாத்திரையை இப்போதே போடச் சொன்னார். போட்டு முடிப்பதற்குள் மச்சானின் சட்டைப்பையில் போன் துள்ளியது. மனைவி எடுத்தாள். மையத்தின் மேலாளர் பதறினார்: "மேடம், சார் எங்க? சரவிளக்கு என்ன ஆச்சு?"

"சார் தூங்கறாருங்க."

"தூங்கறாரா! இந்த நேரத்துலயா?"

"நிபுணர் இல்லையா, எந்த நேரத்துலயும் வரும். விளக்கு நாளைக்கு இப்படியேதான் எரியும். வேணும்னா அணைச்சு வெச்சுக்கிட்டு விழா நடத்துங்க."

விளக்குக்காரர் படுத்தார். தூக்கம் உடனே வந்துவிடவில்லை. கண்ணை மூடினால் கூரை நட்சத்திரங்கள் மங்கி மங்கி எரிந்தன. இவ்வளவு அழகானதை யாருமே பார்க்கப்போவதில்லையே என்று புரண்டு படுத்தார். மனைவி ஒன்றும் சமாதானம் சொல்லாமல் பக்கத்தில் படுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து மச்சானின் குறட்டை ஏறி இறங்கியது. நட்சத்திரங்கள் என்ன நினைத்தனவோ, அந்தத் தாளத்துக்கே மங்கத் தொடங்கின. ஒன்றை அணைத்தார். கொஞ்சம் பொறுத்து, மனசில்லாமல், இன்னொன்றை.