மரியாதைக்குரிய சர்வர்

அம்சா சர்வர் வேலைக்குப் படிக்கிறாள் என்று அவள் அம்மா ஒலக்கூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்: "எந்த ஓட்டல்ல?" பொட்டப் புள்ளையை இட்லி எடுத்து வைக்க அனுப்புகிறாளே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. அம்மாவுக்கும் அது என்ன வேலை என்று சரியாகத் தெரியாது. ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று மட்டும் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் நிழலில் சம்பாதித்தது கிடையாது.

பயிற்சி மையம் விழுப்புரத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. வகுப்பில் பாதி நேரம் பன் வாசனைதான். பாடம் நடத்திய இருதயராஜ் சார் சிரிக்காமல் பேசுவார், மற்றவர்களைச் சிரிக்க வைப்பார்.

"ஒரு கம்பெனியோட பில்லு, கணக்கு, சரக்கு எல்லாம் போய் ஒக்காந்துக்கினு இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்தான் சர்வர். அதுக்கு இன்னா வேணும்னு முன்கூட்டியே பிளான் போடறதும், அது படுத்துடாம பாத்துக்கறதும்தான் உங்க வேல. ஒரே ஒரு சர்வர் வெச்சிருக்கிறவன் ஒழுங்கா தூங்கினதா சரித்திரமே கிடையாது. எப்பவும் மாத்துக்கு இன்னொண்ணு கேளுங்க. குடுக்க மாட்டானுங்க. ஆனாலும் கேளுங்க."

சர்வருக்கு மறக்காத பெயராக ஒன்று வைக்கச் சொன்னார். வல்லரசு என்ற பையன் தன் சர்வருக்கு இசைவாணி என்று பெயர் வைத்தான். ஒரு வாரம் கழித்து எழுந்து நின்று, "சார், இசைவாணி என்கூட பேச மாட்டேங்குது," என்றான். வகுப்பே சிரித்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இசைவாணி மட்டும் சிரிக்கவில்லை.

"எது செத்துப்போச்சுன்னு ஊருக்குச் சொல்றதா இருந்தாலும், அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி கூப்டுப் பாரு," என்பார் சார். "பதில் வருதா பாரு. அதுக்குப் பேருதான் பிங். பதில் வரலன்னா மட்டும் வாயத் தொற."

படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு கம்பெனியில் ஒரு மாதம் வேலை பழக அனுப்பினார்கள். அம்சாவுக்குக் கிடைத்தது திண்டிவனத்தில் அரசப்பன் என்பவருடைய மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி. பின்னாலேயே எண்ணெய் ஆலை, வளவனூரிலும் மண்டகப்பட்டிலும் கிளைகள். மாதக் கடைசியில் முதலாளி சரி என்றால் வேலை நிரந்தரம். வேண்டாம் என்றால் அம்சா அதே மல்லாட்டையைத் தன் ஊர்க் கொல்லையில் கூலிக்குப் பிடுங்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்குப் பயம். முதலாளியின் முகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பயம்.

அதனால்தான் மண்டியின் சர்வருக்குப் புதுப்பெயர் வைக்க வேண்டி வந்தபோது அவள் யோசிக்காமல் 'அரசப்பன்' என்று வைத்துவிட்டாள். முதலாளிக்குக் குளிர்ந்து போயிற்று. ஆனால் மாற்று சர்வரும் பேட்டரியும் வேண்டும் என்று அவள் நீட்டிய திட்டத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் ஒருத்தன்தான இத்தினி வருசமா எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்கேன்? எனக்கு மாத்தாளு இருக்கா? அதுக்கு மட்டும் எதுக்கு?"

வினை வேறு திசையிலிருந்து வந்தது. மண்டியின் கணக்கு மொத்தமும் செந்தாமரை அக்கா கையில். முதலாளியின் நிழல் தரையில் விழுந்தால்கூடத் தாண்டாமல் சுற்றிப் போகிறவள். ஒருநாள் அம்சா போனில் சாரிடம், "அரசப்பன் காலையில தொங்கிப்போச்சு சார், ஒரு தட்டு தட்டினேன், சரியாயிடுச்சு," என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

"இன்னாடி இது? மொதலாளி பேரச் சொல்லி போச்சு, வந்துச்சுன்ற? தட்டினேன்ற?"

"அக்கா, நான் சர்வரச் சொன்னேன்."

"எதச் சொன்னா இன்னா, பேரு அவரு பேருதான? மரியாதையா சொல்லு. ஐயான்னு சொல்லு. வர்றாரு, போறாருன்னு சொல்லு."

வேலை நிரந்தரமாக வேண்டியவள் என்ன செய்வாள்? அன்று முதல் அந்த இரும்புப் பெட்டிக்கு மரியாதை கிடைக்க ஆரம்பித்தது. அரசப்பன் ஐயா நல்லா ஓடறாரு. அரசப்பன் ஐயாவுக்குத் தூசி தட்டணும். சில நாளில் அம்சாவுக்கு அது பழகியும் விட்டது. பழகியதுதான் ஆபத்து.

மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அன்று பராமரிப்புக்காகத் திண்டிவனத்தில் பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முதலாளி கண்ணைக் காட்டப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். செந்தாமரை அக்கா ஒரு காதுகுத்துக்கு லீவு. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் பழைய பேட்டரி இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டது. கூடவே சர்வரும் நின்றது. எல்லாக் கிளைகளிலும் பில் நின்றது.

அம்சா முதலாளியைக் கூப்பிட்டாள். போன் ஸ்விட்ச் ஆஃப். அடுத்து வளவனூர்க் கிளையைக் கூப்பிட்டாள். எடுத்தவர் அங்கே பொறுப்பில் இருந்த பூமாலை. எடை போடுவதில் சூரர், கம்ப்யூட்டர் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர். சர்வருக்குப் பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

"அண்ணே, அரசப்பன் ஐயா படுத்துட்டாருங்க. எவ்ளோ எழுப்பியும் எந்திரிக்கல."

அந்தப் பக்கமிருந்து "எப்போம்மா?" என்று ஒரு உடைந்த குரல் வந்தது.

"காலையிலதாண்ணே. பேட்டரி ரொம்ப வீக்கா இருந்துச்சு. நான் சொல்லிக்கினேதான் இருந்தேன், அவரு கேக்கல."

"ஆமாம்மா, யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. எப்பம்மா எடுப்பாங்க?"

வண்டி எடுப்பது, மோட்டார் எடுப்பது மாதிரி சர்வர் எப்போது எடுக்கும் என்று கேட்கிறார் என்றுதான் அம்சா நினைத்தாள்.

"சாயந்திரத்துக்குள்ள எடுத்துடலாம்ணே. நீங்க பதறாதீங்க."

பூமாலை பதறினார். அவரும் முதலாளியின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். அதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்? ஷட்டரை இறக்கினார். மண்டகப்பட்டுக்குச் சொன்னார். சென்னையில் இருந்த முதலாளி மகன் ராம்கிக்கு அழுதுகொண்டே சொன்னார். வளவனூரிலேயே கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து, அதை வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேனரில் முதலாளி படத்தைவிடப் பூமாலையின் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவசரத்தில் அப்படி ஆகிவிட்டது என்று பிற்பாடு சொன்னார்.

அம்சாவுக்கு இது எதுவும் தெரியாது. சர்வர் அறை கிடங்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடம். செல்போன் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து தூசி எடுத்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் கூட்டமும் இரைச்சலும் கேட்டது. பில் வராத விவசாயிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் தூசி எடுத்தாள்.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். பூமாலை.

"எப்படிம்மா இருக்காரு?"

"ஒடம்பு இன்னும் சூடாதாண்ணே இருக்கு."

"ஒரு தடவ முகத்தப் பாத்துக்கட்டுமா?"

"இப்ப வேணாம்ணே. எல்லாத்தயும் கழட்டிப் போட்டு தொடச்சிக்கினு இருக்கேன்."

பூமாலை துண்டை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குளிப்பாட்டுகிறார்கள், யாரும் உள்ளே போகக் கூடாது என்று கூட்டத்துக்குச் சொன்னார். அந்தப் பொறுப்பையும் ஒரு சின்னப் பெண் தலையில் கட்டிவிட்டார்களே என்று சிலர் வேதனைப்பட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் அரசப்பன் திரும்பி வந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி பாதி முகத்தை மூடியிருந்தது. வண்டியை நிறுத்த வழியில்லாமல் டிரைவர் அவரை இறக்கிவிட்டு அப்பால் போய்விட்டான். மண்டி வாசலில் பந்தல், நாற்காலிகள், கூட்டம். கடைசி வரிசையில் தட்டித் தடவி உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் கேட்டார்.

"யாருபா போனது?"

"மொதலாளி," என்றார் அந்த ஆள், திரும்பாமலே.

"எந்த மொதலாளி?"

"இந்த மண்டி மொதலாளிதான்."

"அடப் பாவமே," என்று அரசப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. உறைத்த பிறகும் அவர் எழுந்து கத்தவில்லை. தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். அதை ஒரே ஒருவர்தான் சொன்னார். மற்றவர்கள் வேறு பேசினார்கள்.

"யாரு சரக்கு எங்க கெடக்குன்னு அவருக்குதான் தெரியும். இனிமே யார்கிட்ட போயி கேக்கறது?"

"கிடங்கு சாவி எதுக்கு எதுன்னுகூட யாருக்கும் தெரியாது. எல்லாத்தயும் தலைக்குள்ளயே வெச்சிக்கினு போயிட்டாரு."

"மாத்தாளு ஒருத்தர பழக்கி வெச்சிருக்கலாம். சொன்னா கேட்டாதான?"

அரசப்பன் கண்ணாடிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்து என்று பின்னால் சொன்னார்.

அங்கே உள்ளே, சர்வர் அறைக் கதவை மறுபடியும் யாரோ தட்டினார்கள். சாவுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடும் பிரான்சிஸ்.

"அரசப்பன் ஐயா இங்கதான இருக்காரு? பொட்டி வந்திருக்கு. ஜெனரேட்டரும் வந்திருக்கு. ஜல்தி சொல்லுமா, எங்க எறக்கறது?"

ஜெனரேட்டர் என்ற சொல் அம்சாவின் காதில் தேனாக விழுந்தது. முதலாளி பாண்டிச்சேரியில் இருந்தபடியே அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாள். "ஒயர மொதல்ல குடுங்கண்ணே," என்று பாய்ந்து வாங்கினாள். பிரான்சிஸ் உள்ளே எட்டிப் பார்த்தார். நான்கு சுவர், ஒரு பெண், மூடி திறந்த ஒரு இரும்புப் பெட்டி.

"ஐயா எங்கமா?"

"இதோ, இவருதான்."

பிரான்சிஸ் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தார். "நான் எத்தினியோ சாவு பாத்துட்டேன்," என்றார் மெதுவாக. "இவ்ளோ சின்னதா ஆயி யாரையும் பாத்ததில்ல."

அம்சா அதைக் காதில் வாங்கவில்லை. மூடியை மாட்டினாள், ஒயரைச் செருகினாள், பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் வந்தது. கணக்கு பத்திரம், பில் பத்திரம், அவள் வேலையும் ஒருவேளை பத்திரம். சந்தோஷம் தாங்காமல் வாசலுக்கு ஓடிக் கத்தினாள்:

"எந்திரிச்சிட்டாரு! அரசப்பன் ஐயா எந்திரிச்சிட்டாரு!"

அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையில் அரசப்பனும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

பக்கத்து ஆள் நாற்காலியோடு சாய்ந்தார். பூமாலை பேனரைக் கிழித்துக்கொண்டு அதன் பின்பக்கம் போய் விழுந்தார். பிரான்சிஸ் மட்டும் நிதானமாக ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை வெளியேயும் பார்த்து, "ரெண்டு பேரா?" என்றார்.

எல்லாம் அடங்கி, ராம்கிக்குப் போன் போட்டார்கள். அப்பா நம்பரிலிருந்து அப்பா குரலே வந்ததும் அவன் வண்டியை ஓரம் கட்டி ஓவென்று அழுதானாம். அதன் பிறகு முதலாளி அம்சாவைக் கூப்பிட்டார். அவளுக்கு ஒலக்கூர்க் கொல்லை கண் முன்னால் வந்து நின்றது.

"சர்வரு நின்னுச்சுன்னு சொன்னா ஆச்சு. படுத்துட்டாரு, எந்திரிக்கலன்னு ஏன் சொன்ன?"

"உங்க பேரு வெச்சிருக்கேன் ஐயா. மரியாத இல்லாம சொல்லக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க."

அரசப்பன் கிழிந்த பேனரைப் பார்த்தார்.

"என் பேரு அப்படியே இருக்கட்டும். மரியாதைய மட்டும் எடுத்துடு. போச்சு, வந்துச்சுன்னே சொல்லு."

"சரிங்க ஐயா."

"பேட்டரி மாத்திடு. மாத்துக்கு ஒண்ணு கேட்டியே, அதையும் வாங்கு. ராம்கி வர்றான். கிடங்கு சாவியெல்லாம் அவனுக்குக் காட்டணும். நீயும் கூட வந்து பாத்துக்க, இங்கயே இருக்கப் போறவ தெரிஞ்சிக்கணும்ல?"

அம்சா தலையை ஆட்டினாள். கிடங்குக்குப் பின்னால் ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே ஒலக்கூர் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா எடுத்ததுமே அழுதாள்.

"உன் மொதலாளி போயிட்டாராமேடி. உன் வேல இன்னா ஆவறது?"

"அவரு எந்திரிச்சிட்டாரும்மா. வேல எனக்குத்தான்னு சொல்லிட்டாரு."

அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"செத்தவரு எந்திரிச்சு வந்தா வேல குடுத்தாரு?"

"ஆமாம்மா."

"அப்ப அது ரொம்ப நல்ல ஓட்டலாதான் இருக்கும்," என்றாள் அம்மா.