உர்ஹோ வெட்டாத டைல்

இஷ்பெமிங் ஊரில் உர்ஹோவைப் போன்ற பிடிவாதக்காரன் அவனுக்கு முன்னும் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. முழு டைலை வெட்டுவது பாவம் என்பது அவன் கொள்கை. குளியலறைக்குத் தரை போட்டபோது கடைசி வரிசை கதவைத் தாண்டிப் படுக்கையறைக்குள் ஒரு ஜாண் நீண்டது. நீளட்டும் என்று விட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கதவு மூடியதே இல்லை. படுக்கையறைப் பக்கமிருந்து சாத்தினால் டைல் விளிம்பில் முட்டி, இடுக்கு விட்டு நின்றுவிடும். பிறகு உர்ஹோ செத்தும் போனான்.

அவன் மனைவி ஆய்லியை வெண்டல் கட்டிக்கொண்டது போன இலையுதிர் காலத்தில். கட்டிக்கொண்டார் என்று பெயர்தான். ஆய்லி கூடத்து சோபாவை விட்டு அசையவில்லை.

"அந்த இடுக்கு வழியா அவன் பாக்குறான் வெண்டல். கதவை மூடிக் காட்டு, வந்து படுக்குறேன்."

"கதவோட அடியைக் கொஞ்சம் இழைச்சிட்டா?"

"கதவு என்ன பண்ணுச்சு? தப்பு தரையிலதானே இருக்கு."

ஆகவே, மூச்சு விட்டால் மூச்சே உறைந்து தரையில் விழுகிற ஒரு ஜனவரிப் பகலில், வெண்டல் முழங்காலில் நின்றார். மூடிய கதவு வந்து நிற்கவேண்டிய கோட்டில் நாடா ஒட்டி, வெட்டு நேராக ஓட இரும்புச் சட்டத்தை அணைத்து வைத்தார். டைல் வெட்டும் கிரைண்டரைக் கொடுத்தவன் உர்ஹோவின் தம்பி ஆர்வோ. கொடுத்ததோடு போகாமல், கட்டில் விளிம்பில் காபியோடு உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணன் கோவிச்சுக்கப் போறான், புது மாப்ளே."

"உங்க அண்ணன் உயிரோட இருந்தப்பவே யாரும் அவனுக்குப் பயப்படல."

"அப்ப அவன்கிட்ட பேச முடிஞ்சுது. இப்ப எப்படிச் சமாதானம் பண்ணுவே?"

முதலில் மேலாக ஒரு கீறல். பிறகு அதே கீறலில் ஆழமாக. கிரைண்டர் போட்ட கூச்சலில் வடக்கே பெரிய ஏரிக்கு அக்கரையில் கனடாக்காரர்கள் காதைப் பொத்தியிருப்பார்கள். தூசியில் ஆர்வோவின் காபி பால் காபியானது. திடீரென்று மின்சாரம் போனது. ஃபியூஸை மாற்றிவிட்டு வந்தார், மறுபடி போனது.

"நான் எந்திரிக்கவே இல்ல, பாத்துக்க" என்றான் ஆர்வோ. சிரிப்பில் சுருதி இறங்கியிருந்தது.

ஒருவழியாக நேர்வெட்டு முடிந்தது. நிலைக்காலை ஒட்டிய மூலைக்குள் கிரைண்டரின் வட்டத் தகடு நுழையாது. அங்கே உளிதான். வெண்டல் தட்டித் தட்டிக் கடைசித் துண்டைப் பெயர்த்தார்.

அடியில், காய்ந்து இறுகிய டைல் பசையில், ஒரு வெறுங்காலின் தடம்.

குதிகால் குளியலறை டைலுக்கு அடியில் மறைந்திருந்தது. மீதிப் பாதம் முழுவதும் படுக்கையறைக்குள். விரல்கள் கட்டிலைப் பார்த்திருந்தன.

ஆர்வோ குனிந்தான். "சுண்டுவிரலைக் காணோம் பாரு. கோடாலியில போனது. அவன்தான்."

"ஈரத்துல மிதிச்சிட்டு, நிரவாம அப்படியே மேல ஒட்டிட்டானா?"

"பசை மிச்சம் பண்ணியிருப்பான், கஞ்சப்பய."

வெண்டல் கையை வைத்துப் பார்த்தார். வீட்டுத் தரையெல்லாம் பனிக்கட்டி. தடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தகடு உராய்ந்த சூடு என்று சொல்ல வாயெடுத்தார். இந்த மூலைக்குத் தகடு வரவேயில்லை என்பது ஞாபகம் வந்தது.

ஆய்லி எப்போது வந்தாளோ, அறை வாசலில் நின்றாள். காலுறையைக் கழற்றி, தன் பாதத்தை அந்தத் தடத்துக்குள் வைத்தாள்.

"சானா நீராவியில வேர்த்துட்டு நேரா வந்திருக்கான்" என்றாள். "இன்னும் சூடு ஆறல."

"கலவை போட்டு நிரவிடுறேன் ஆய்லி."

"வேணாம்."

"பெயர்த்த இடத்துல மேல மரப்பலகை வரணுமே."

"வரட்டும். அடியில அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான்."

வெண்டல் கதவைத் தள்ளினார். டக்கென்று மூடியது. தம்மாத்துண்டு இடுக்கு இல்லை. அப்போதுதான் உறைத்தது: தடம் கதவுக்கு இந்தப் பக்கம், கட்டில் பக்கம் இருந்தது. வெளியே நிறுத்தப் பார்த்த ஆளை உள்ளே வைத்துச் சாத்திவிட்டார்.

ஆர்வோ கிரைண்டரை எடுத்துக்கொண்டு, ஒரு கிண்டலும் சொல்லாமல் கிளம்பினான். அவன் வாழ்நாளில் அது முதல் தடவை.

ஆய்லி சொன்ன சொல் தவறாதவள். சோபாவிலிருந்து தலையணையைக் கொண்டுவந்து, வெளிச்சம் போவதற்குள்ளேயே கட்டிலில் படுத்தாள். கதவைப் பார்த்து ஒருக்களித்தாள். வெண்டல் மெல்லப் பக்கத்தில் சாய்ந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படு" என்றாள்.

தள்ளினார். சுவர் முதுகில் ஜில்லென்று ஒட்டியது. அவளும் கூடவே நகர்ந்தாள்; கதவுப் பக்கம் கட்டிலில் ஓர் ஆள் இடம் காலியானது.

"இன்னும் கொஞ்சம், வெண்டல். இடம் பத்தல."