குங்கிலியம் தூவிய கை

அன்று கொட்டகையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், அமிர்தலிங்கம், சுப்ராயன் ரைஸ் மில் சுப்ராயனின் பேரன். பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற குஞ்சிதபாதம். காரைக்காலில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜவஹர் அலி. என் தம்பி மகள் கவியா, பள்ளிக்கூட ஆசிரியை. கொட்டகையைப் பொதுமக்களுக்குத் திறக்க அனுமதி கேட்டிருந்தோம், அதற்காகப் பார்வையிட வந்த அதிகாரி நீலமேகம். கடைசியாக மாரியம்மாள். வேறு ஒரு ஈ காக்கை அங்கே இல்லை. ஆனால் இன்று கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில் யாரைக் கேட்டாலும் பக்கத்தில் நின்று பார்த்தது போலச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கோட்டுச்சேரியிலிருந்து திருவேட்டக்குடிக்குப் போகும் வழியில் எங்கள் பழைய நெல் கிடங்கு இருக்கிறது, அதுதான் இந்தக் கொட்டகை. குஞ்சிதபாதமும் அவரோடு சேர்ந்த சிலரும் அதைக் கேட்டு வந்தபோது கொடுத்தேன். பழைய விவசாய இயந்திரங்களை வாங்கியும் கேட்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள். காலால் மிதித்துக் கதிரடிக்கும் இயந்திரம், கையால் சுற்றித் தூற்றும் இயந்திரம், இந்தப் பக்கத்துக்கு முதலில் வந்த டிராக்டர் எல்லாம் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சம்பளம் இல்லாமல் துரு சுரண்டுகிறார்கள், கிரீஸ் போடுகிறார்கள். படித்தவர்கள் கை அழுக்காகிறதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது எங்கள் எஞ்சின். ஒற்றை சிலிண்டர், ஆள் உயரச் சக்கரம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் தாத்தா கப்பலில் வரவழைத்தது. பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கிறது. அதை இவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு மரியாதைக் குறைவு வந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லித்தான் வைத்தேன். இந்த எஞ்சின் இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் காயலாங்கடைதான் என்று ஜவஹர் அலியே சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

அந்த எஞ்சினுக்குத் தாத்தா வைத்த வழக்கம் ஒன்று உண்டு. உமி நீக்கும் ஹல்லரில் கொட்டிய நெல் முழுவதும் அரிசியாகி விழும்வரை எஞ்சினை நிறுத்தக்கூடாது. பாதியில் நின்ற மில்லுக்கு அடுத்த போகம் நெல் வராது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மழையோ சாவோ, எதற்கும் நிறுத்தியதில்லை. ஓடும்போது பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடியைத் தூவுவார்கள், பெல்ட் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதையும் ஓட்டத்தில்தான் செய்வது. அந்த வேலை பெண்களுடையது.

மாரியம்மாள் தாவணி போட்ட வயதில் என் அப்பாவிடம் அந்த வேலைக்கு வந்தவள். ஒரு நாள் பெல்ட் அவளுடைய வலது கையை இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஹல்லர் வாயிலிருந்து திருட்டுத்தனமாக அரிசி அள்ளக் கையை நீட்டினாள், அங்கே ஓடும் பெல்ட் இழுத்துக்கொண்டது என்று ஊர் பேசியது. பிடியரிசி மாரியம்மா என்று பெயரும் வைத்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஊர் சொன்னதை மறுக்கும் வேலையும் எங்களுக்கு இல்லை.

இத்தனை வருஷம் அந்தப் பெயரோடு இருந்தவள் இப்போது எதற்குக் கிளம்பினாள் என்றால், பேத்திக்காக. தருமபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு, பூ வைக்க நாள் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு தெருவில் யாரிடமோ விசாரித்திருக்கிறார்கள். பிடியரிசி வீடா என்று கேட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். குற்றம் தன்னுடையது இல்லை என்று எங்கள் எஞ்சின் பக்கத்திலேயே எழுதி மாட்டினால் அவர்களைக் கூட்டி வந்து காட்டலாம் என்பது அவள் எண்ணம். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நட்ட ஈடு ஒன்றும் அவள் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கவியாதான் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டு வந்தவள். இயந்திரங்களுக்குப் பக்கத்தில் மாட்டும் பலகைகளையெல்லாம் அவள்தான் எழுதுகிறாள். அன்று காலை புதிய பலகையைத் துணி சுற்றிக் கொண்டுவந்தாள். மாரியம்மாளையும் கூட்டி வந்திருந்தாள். துணியை எடுத்தேன். ‘எஞ்சினை நிறுத்தாமல் பெல்ட்டுக்குக் குங்கிலியம் தூவும்படி முதலாளி சொன்னதால், மில் தொழிலாளி மாரியம்மாள் தன் வலது கையை இழந்தார்’ என்று எழுதியிருந்தது.

முதலாளி என்றால் என் அப்பா. அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. இன்றும் அவர் படத்துக்கு விளக்கு வைக்காமல் நான் சாப்பிடுவதில்லை. பலகையைத் திருப்பி வைக்கச் சொன்னேன். கவியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதிகாரி வருகிற நேரம், பிறகு பேசலாம் என்றார் குஞ்சிதபாதம். பலகை சுவரைப் பார்த்து நின்றது. மாரியம்மாள் அதன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டாள், காவல் இருப்பது போல.

நீலமேகம் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். ஓடாத இயந்திரத்தைக் காட்ட அனுமதி எதற்கு, ஓடி அரிசி விழுந்தால் நானும் எழுதிவிட்டுப் போகிறேன் என்றார். மத்தியானத்துக்குள் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

ஜவஹர் அலி ஊதுவிளக்கால் எஞ்சின் தலையைச் சூடேற்ற ஆரம்பித்தார். அது சிவக்க வெகுநேரம் ஆகும். என் மச்சானைப் பொண்ணு பார்க்கக் கிளப்பியதும் இப்படித்தான், கிளம்புவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அவர் சொல்ல, நீலமேகம் சிரித்தார். மாரியம்மாளும் சிரித்தாள். பிறகு குஞ்சிதபாதமும் ஜவஹர் அலியுமாகச் சக்கரத்தைத் தள்ளினார்கள். மூன்று நான்கு தடவை செருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வளர்ந்தவன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஹல்லரில் நெல்லைக் கொட்டினோம். அரிசி விழத் தொடங்கியதும் பெல்ட் வழுக்கியது. புது பெல்ட். கீச்சென்று கத்திக்கொண்டு சக்கரத்தின் மேல் சும்மா ஓடியது. ஹல்லர் தளர்ந்து நின்றது. நீலமேகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜவஹர் அலி நிறுத்தும் கைப்பிடிக்குப் போனார். “நிறுத்திட்டுப் பொடி தூவிக்குவோம் ஐயா. திருப்பிச் சூடேத்தணும், பரவாயில்லே.”

“நிறுத்த வேண்டாம்” என்றேன்.

சாக்கிலிருந்து மாரியம்மாள் எழுந்தாள். கவியாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

“கேட்டுக்கிட்டியாம்மா? இதே சொல்லுதான். பெரியவங்களும் இப்படித்தான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னு சொன்னாங்க.”

என் கைகள் பின்னால்தான் கட்டியிருந்தன. பிரிக்கவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இனி அந்தப் பலகையைத் திருப்பி வைக்க எவனாலும் முடியாது என்று கவியாவின் முகம் சொன்னது. நானும் அதையேதான் நினைத்தேன். என் வாயாலேயே அப்பாவைக் காட்டிக் கொடுத்தாயிற்று. அப்போதுதான் வழி தெரிந்தது.

“மாரியம்மா, உனக்குத் தூவத் தெரியுமா?”

“தெரியாம என்னங்க.”

“அப்ப தூவு. நீ தூவி பெல்ட் பிடிச்சா, உன் பேரைப் பலகையில நானே எழுதி மாட்டுறேன். இது என் வாக்கு.”

கவியா குறுக்கே வந்தாள். “பெரியப்பா, அவங்களுக்கு இருக்கிறதே ஒரு கை.”

“ஒரு கையாலதான் தூவுறது” என்றேன்.

ஜவஹர் அலியின் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. அது எங்கள் வீட்டு எஞ்சின் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். கையை எடுத்தார். குஞ்சிதபாதம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அனுமதி கிடைக்காவிட்டால் அவர் மூன்று வருஷம் சுரண்டிய துருவெல்லாம் வீண். நீலமேகத்துக்கு இது என்னவோ வேடிக்கை என்று பட்டிருக்க வேண்டும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாரியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ரவிக்கைக் கையின் தொங்கலைப் பல்லால் பிடித்து உள்ளே மடித்துவிட்டாள். டப்பாவிலிருந்து பொடியை இடது கையில் அள்ளிக்கொண்டு, பெல்ட் சக்கரத்தை விட்டு வெளியே வருகிற பக்கமாகப் போய் நின்றாள். வெளியே வருகிற பெல்ட் எதையும் இழுக்காது, தள்ளத்தான் செய்யும். அது மில்லில் இருந்தவர்களுக்குத் தெரியும். கோழிக்குத் தவிடு தூவுகிற மாதிரி மூன்று தடவை தூவினாள். கீச்சுச் சத்தம் நின்றது. பெல்ட் பிடித்தது. ஹல்லர் உறுமிக்கொண்டு அரிசியைக் கொட்டியது.

நீலமேகம் கைதட்டினார். ஜவஹர் அலி, “மாஷா அல்லா” என்றார். கவியா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாரியம்மாள் சிரித்தாள். மில்லில் வேலை செய்த காலத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் ஒட்டிய பொடியை அவள் தட்டவும் இல்லை.

கடைசி நெல் விழும்வரை காத்திருந்தேன். பிறகு நிறுத்தச் சொன்னேன். சக்கரம் ஓய்ந்ததும் கேட்டேன்.

“நிறுத்தாமத்தானே தூவினே?”

“ஆமாங்க.”

“நான் சொல்லித்தானே தூவினே?”

“ஆமாங்க.”

“கை இருக்குதா?”

அவள் கையைப் பார்த்தாள். “இருக்குங்க.”

“அப்ப, அன்னைக்கு அந்தக் கை எதுக்கு உள்ளே போச்சு?”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. நீலமேகத்துக்குப் புரிந்துவிட்டது. ஊர்க்கதையை வரும் வழியில் அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கீழே குவிந்திருந்த அரிசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

“ஐயா, அன்னைக்கு இந்தப் பக்கம் பூரா மூட்டை அடுக்கியிருந்துச்சுங்க. அந்தப் பக்கம் நின்னுதான் தூவ முடிஞ்சுது. பெல்ட்டு உள்ளே போற பக்கம். மூட்டையை எடுத்துட்டுத் தூவுறேன்னு சொன்னேங்க. நிறுத்த வேணாம், அங்கிருந்தே தூவுன்னு சொன்னாங்க.”

“மூட்டை எங்கே இருந்துச்சுன்னு இப்ப யார் வந்து சொல்லுவா?”

“நீங்க தராசுகிட்ட நின்னீங்களே ஐயா.”

கவியா என் எதிரே வந்து நின்றாள். “நீங்க சொல்லுங்க பெரியப்பா. மூட்டை எங்க இருந்துச்சு?”

நான் பொய் சொல்கிறவன் இல்லை. “மில்லுன்னா மூட்டை இருக்கும்” என்றேன். “நான் எஞ்சினைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அது நிக்கலே.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பெரியவர்களை ஒரு அளவுக்கு மேல் கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்திருக்கிறோம்.

மாரியம்மாள் சாக்கை மடிக்கப் பார்த்தாள். ஒரு கையால் அது வரவில்லை. ஜவஹர் அலி மடித்துக் கொடுத்தார். செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். பேத்தி வீட்டில் காத்துக்கொண்டிருப்பாள் என்று அவள் பின்னால் போன கவியா சொன்னாள், என் காதில் விழ வேண்டும் என்பது போல. பஸ் ஏறும்வரை கூடப் போனாள்.

அனுமதி கிடைத்தது. காணும் பொங்கல் அன்று கொட்டகையைத் திறந்தோம். கடற்கரைக்கு வந்த கூட்டம் பாதி இங்கேதான் வந்தது. கவியா எழுதிய பலகையை நான் வீட்டுக்கு எடுத்து வந்து பரண் மேல் போட்டுவிட்டேன். கொடுத்த வாக்கைத் தவறவிடவில்லை. புதுப் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். மேலே தாத்தா பெயர், அதன் கீழே அப்பா பெயர், அதற்கும் கீழே ‘குங்கிலியம் தூவியவர்: மாரியம்மாள்’. போகிறவர்கள் படித்துப் பார்க்கலாம். தருமபுரத்துக்காரர்களும் வந்து படித்தார்கள் என்று குஞ்சிதபாதம் சொன்னார். ஓ, பிடியரிசியா என்று சிரித்துக்கொண்டே போனார்களாம். பேத்தியைக் கேட்டு அவர்கள் திரும்ப வரவில்லை.

கவியா கொட்டகைக்கு வருவதை விட்டுவிட்டாள். பொங்கலுக்கு வீட்டுக்கும் வரவில்லை. ஜவஹர் அலி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார், வேலை பார்க்கிறார். என்னைப் பார்த்தால் முன்பெல்லாம் எழுந்து நிற்பார். இப்போது எஞ்சினுக்குக் கீழே ஏதாவது வேலை வந்துவிடுகிறது அவருக்கு. அதெல்லாம் சரியாகிவிடும். என் அப்பாவின் பெயரை யாரும் தொடவில்லை, எனக்கு அது போதும்.

மாரியம்மாளின் மிச்சக் கையையும் அன்று எஞ்சின் வாங்கிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. பொய். அந்தக் கை அவளிடம்தான் இருக்கிறது. போன வாரம் சந்தையில் என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கையால்தான் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.