தலைவர் பக்கம் சாய்ந்த தூண்

நிமிர்த்த நிமிர்த்தத் தூண் ஏன் சாய்கிறது என்பது ஸ்டானிஸ்லாஸுக்குப் புரியவில்லை. பாசிர் கூடாங் ஆலையில் இருபத்தாறு வருடமாக அவருக்கு இதே வேலைதான். யானைக் கனமுள்ள பம்புகளின் அடியில் தகடு தகடாகச் செருகி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடமாட்டார். அங்கே சொன்னபடி கேட்ட குமிழி, பெக்கான் நானாஸ் பக்கத்து மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஏழடித் தூணில் வைத்தால் ஓரத்துக்கு ஓடியது.

இரண்டாம் உலகப் போரில் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாத பத்தொன்பது தோட்டத் தொழிலாளர்களுக்கான தூண் அது. அவர்களுடைய பெயர்கள் பின்பக்கத்தில், விரல்நக உயர எழுத்தில் இருந்தன. முன்பக்கத்தில் ஆறடி அகலம், நாலடி உயரம், மூன்று அங்குலக் கனத்தில் ஒரு கருங்கல் பலகை, கடைப் பெயர்ப்பலகை மாதிரி பிதுங்கி நின்றது. அதில் நினைவுச் சின்னக் குழுவினர் பதினான்கு பேரின் பெயர்கள் தங்க எழுத்தில். பலகையின் உச்சியில் குழுத் தலைவர் பிரெட்ரிக்கின் முகம். போர் முடிந்து இருபது வருடம் கழித்துப் பிறந்தவர் அவர். ஆனாலும் போருக்கு நேராகப் போய்த் திரும்பிய களையைக் கல்வெட்டுக்காரர் எப்படியோ கொண்டுவந்திருந்தார்.

தூண் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. தலைவரின் முகம் தரையைப் பார்த்தது. இறந்தவர்களின் பெயர்கள் வானத்தைப் பார்த்து, மழையை வாங்கிப் பாசி பிடித்தன.

குழு கூடியது. சாய்கிற பக்கத்து அடியில் சிமெண்டு கொட்டுவதென்று ஏகமனதாக முடிவானது. கொட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் இன்னும் சாய்ந்தது. சிமெண்டு போதவில்லை என்று மறுபடி கூடி, அதே இடத்தில் இரண்டு மடங்கு கொட்டினார்கள். இரண்டு மடங்கு சாய்ந்தது. பதினான்கு தலைகளில் ஒன்றுகூட அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஸ்டானிஸ்லாஸும் பெரிய கில்லாடி இல்லை. அவர் அடித்த இரும்பு ஆப்பு மூன்றாம் வாரம் மண்ணுக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பிரெட்ரிக் அறிவித்தார்.

"வர்ற ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளுக்கு பிஷப் வர்றாரு. இப்படிக் கோணிக்கிட்டு நின்னா நம்ம மானம் என்னாவறது? தூண உடைச்சிரலாம். பலகைய மட்டும் கோயில் சுவத்துல ஏத்திரலாம். அது நல்ல கல்லுலா."

"அப்ப அந்தப் பேருங்க?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அதான் போட்டோ எடுத்து குரூப்ல போட்டாச்சே."

ஸ்டானிஸ்லாஸின் தாயார் அந்தோணியம்மாள் பக்கத்தில்தான் நின்றார். பத்தொன்பதில் எட்டாவது பெயர் அவருடைய அப்பா தொம்மை. அவர் போனபோது அந்தோணியம்மாள் தன் தாயின் வயிற்றுக்குள் இருந்தார். அப்பாவுக்குக் கல்லறை கிடையாது, படம் கிடையாது. வருடத்துக்கு ஒருநாள் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்க அந்த எட்டாவது வரி மட்டும்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஊரான் பம்ப எல்லாம் நிமித்துற. உன் தாத்தாவ நிமித்த முடியல."

அடுத்த சனிக்கிழமை குழுவினரும் அந்தோணியம்மாளும் பார்த்து நிற்க, தூணைத் தூக்கக் காளியப்பன் தன் கிரேன் லாரியோடு வந்தார். அன்னாசித் தோட்டக்காரர், ஸ்டானிஸ்லாஸின் பள்ளித்தோழர். பதினோராவது பெயர் அவருடைய தாத்தா. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு லாரியின் நாலு இரும்புக் கால்களை இறக்கினார். இறக்குவதற்கு முன் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு அகலமான கட்டைப் பலகையை எறிந்தார்.

"எதுக்குடா பலகை?"

"அலமாக், மெக்கானிக்கு கேக்குற கேள்வியா இது? கம்புட் மண்ணுடா மச்சான். வெறுங்கால வச்சா லாரி குப்புற படுத்துக்கும்."

ஸ்டானிஸ்லாஸ் குனிந்து அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

கம்புட் என்பது மண்ணே அல்ல. இலையும் வேரும் காலங்காலமாகத் தண்ணீரில் ஊறிக் கறுத்த பஞ்சு. ஊறிய பஞ்சில் விரலால் குத்தினால் விரல் இறங்கும். உள்ளங்கையை விரித்து வைத்தால் இறங்காது. பாரம் அதேதான், அது பரவுகிற இடம்தான் வேறு. தூணின் அடி இரண்டுக்கு இரண்டு, நாலே சதுர அடி. போதாததற்கு முன்பக்கத்தில் கருங்கல் தொங்குகிறது. அடியில் கொட்டிய சிமெண்டு தூணைத் தாங்கவில்லை. பஞ்சுக்குள் கட்டியாக இறுகி, சாய்கிற பக்கத்துக்கே இன்னும் பாரம் ஏற்றியது.

ரயில் பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் சிலிப்பர் கட்டை போடுவதும் இதற்குத்தான். அந்தப் பத்தொன்பது பேரும் அதைத் தோளில் சுமந்து வரிசையாகப் போட்டே செத்தார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை என்னவென்று அவர்களுக்குத் தூண் வைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

தூணுக்கு அகலமான ஒரு கட்டை வேண்டும். ஸ்டானிஸ்லாஸ் சுற்றிப் பார்த்தார். ஆறுக்கு நாலு, இருபத்துநாலு சதுர அடி. எதிரிலேயே தங்க எழுத்தோடு நின்றது.

அவர் விளக்கி முடித்ததும் பிரெட்ரிக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "வெளையாடுறியா ஸ்டானி? எங்க பேரு மண்ணுக்குள்ள போவுறதா?"

"எங்கப்பா எந்த மண்ணுக்குள்ள போனாருன்னே தெரியாதுப்பா," என்றார் அந்தோணியம்மாள். "உன் பேராச்சும் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

காளியப்பன் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டார். பிஷப் வர எட்டு நாள்தான் இருந்தது. வேறு யோசனை எவரிடமும் இல்லை. வழக்கம்போல.

"சரி," என்றார் பிரெட்ரிக் கடைசியில். "எழுத்து மேல பாத்துத்தான வப்பீங்க?"

"இல்ல தலைவரே, கீழ பாத்து. பாலீஷ் போட்ட பக்கம் சிமெண்டு ஒட்டாது. சொரசொரப்பு மேல இருந்தாத்தான் தூணு பிடிக்கும்."

உண்மையும் அதுதான்.

பழைய சிமெண்டுக் கட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். குழியில் தண்ணீர் ஊறுகிற மட்டத்துக்குக் கீழே பாக்காவ் என்கிற சதுப்புநில மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரிசை அடுக்கினார்கள். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற கட்டை உளுத்துப்போகாது. அதன்மேல் கருங்கல் பலகையைக் குப்புறப் போட்டு, சரி நடுவில் தூணை நிறுத்தி, பெயர்களை வாசல் பக்கம் திருப்பினார்கள். நாலு சதுர அடியில் நின்ற பாரம் இப்போது இருபத்துநாலு சதுர அடியில் நிற்கிறது. கல்லறைத் திருநாளன்று ஸ்டானிஸ்லாஸ் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது.