தேவம்மா ஏறிய குதிரை

மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறிய மறு வருஷம், நான் ஒரு சின்ன காமிக்ஸ் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ராணி தேவம்மா ஒரு பாளையக்காரரின் மனைவி. கணவன் சிறையில் கிடக்க, தானே குதிரையேறிப் போய்க் கோட்டையை மீட்கிறாள். கதையும் என்னுடையது, படமும் என்னுடையது. ஆசிரியர் கிருஷ்ணஸ்வாமி சாருக்குக் குதிரைதான் உறுத்தியது.

"பொடவையைக் கட்டிண்டு எவம்மா குதிரை ஏறுவா? பல்லக்குல உக்கார வை. சண்டையைத் தளபதி பாத்துப்பான். நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

ராணி பல்லக்கில் உட்கார்ந்தால் கதையே தளபதியுடையதாகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன கண்டேன்? ஏற முடியுமா, முடியாதா? வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் மடிசார் கட்டிக்கொண்டு ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய், வண்டிக்கார ரத்தினவேலுவிடம் குதிரையைக் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

"பேடம்மா, வேணாம்! வண்டி இழுக்கிற குதிரை இது. முதுகுல ஆள் ஏறிப் பழக்கமில்ல."

"எனக்கும்தான் பழக்கமில்லை. சரிக்குச் சரி."

முணுமுணுத்துக்கொண்டே குதிரையை அவிழ்த்து, முதுகில் சாக்கை மடித்துப் போட்டார். வண்டிப் படியில் கால் வைத்து ஏறினேன். கச்சம் செருகிய புடவையில் கால்கள் இருபுறமும் தாராளமாக இறங்கின. அட, இதற்கா இத்தனை வாதம்! சந்தோஷத்தில் குதிரையைத் தட்டிவிட்டேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம், புடவைத் தலைப்பு எம்மாத்திரம்? பின்னாலிருந்து எழும்பி முகத்தில் அப்பிக்கொண்டது. கண் தெரியாமல் புழுதியில் விழுந்தேன்.

கிடந்தபடியே சிரித்துவிட்டேன். வேகம் தெரியட்டும் என்று எல்லா ராணிகளுக்கும் தலைப்பைப் பறக்கவிட்டுத்தானே வரைந்தோம்! பாவம், ஒருத்திக்காவது எதிரி கண்ணில் பட்டிருப்பானா?

முழங்கையில் கட்டோடு ஆபீஸ் போய், தலைப்பை இடுப்பில் வரிந்து கட்டிய தேவம்மாவைப் புதிதாக வரைந்து மேஜையில் வைத்தேன். சார் படத்தைப் பார்க்கவில்லை, கட்டைத்தான் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"விழுந்தியா? நான் அப்பவே சொன்னேனே!"

"ஏறாம எப்படி சார் விழறது?"

 சார் பேனாவை எடுத்து, அச்சுக்குப் போகலாம் என்று படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டார்.