கோப்பைக்கு ஒரு வேலை

"அந்த நாய யாராச்சும் வெளிய இழுங்கப்பா. கட்டிலச் சுத்தி எடம் வேணுமில்ல?"

"விடுங்க சித்தப்பா," என்றான் மருது. "அது எங்கப்பனுக்குத் துக்கம் காக்குது. நேத்துலேருந்து பல்லுல பச்சத்தண்ணி படல."

தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்த சின்னத்தாய் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் அண்ணி அன்னக்கொடி வைத்த பால்சோற்றை அந்த நாய் வழித்து நக்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். சாவு வீட்டில் வம்பு எதற்கு என்று மறுபடி ஈயை விரட்டினாள்.

அப்பா வீரணன் புது வேட்டியும் எண்ணெய் தடவிய மீசையுமாக, பேரையூர்ச் சந்தைக்குப் புறப்பட்டவர் சற்றே படுத்தது போலக் கிடந்தார். பேரன் பேத்தி எடுத்து, பல் விழுந்து, வெற்றிலையை இடித்துத் தின்ற வயது. கல்யாணச் சாவு என்று ஊரே சொல்லிவிட்டது. கொட்டுக்காரர்கள் உற்சாகமாக அடித்தார்கள்; மாமன் மச்சான்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு ஆடினார்கள்.

அத்தனை ஆரவாரத்துக்கும் அசையாமல் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது துரை. பாலில் முக்கி எடுத்தது போல உடம்பெல்லாம் வெள்ளை. மூக்கு மட்டும் ரோஜாப்பூ. வெள்ளைக்கார நிறம் என்பதால் மருது வைத்த பெயர் அது. தல்லாகுளத்து மைதானத்தில் துரைமார் நடத்திய நாய்க் காட்சியில் வெள்ளிக் கோப்பை வாங்கிய நாய்.

"என்னா பொறுமை! கொட்டு காதுகிட்ட அதிருது, கண்ணத் தொறக்குதா பாரு," என்றாள் ஒருத்தி.

"அது நாயில்லடி, காவல் தெய்வம்," என்று இன்னொருத்தி குனிந்து அதன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

செத்தவரின் தங்கை இருளாயி, ஒப்பாரியிலேயே நாயைச் சேர்த்துவிட்டாள்.

"பட்டு வெள்ள நாய் கெடக்கு எங்கண்ணே, பால் மறந்து காலடியில்…"

பாடி நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு, சின்னத்தாயிடம் சாதாரணக் குரலில் கேட்டாள்: "ஆமா, ஒங்கப்பன் கூடயே திரிஞ்ச அந்தச் செவலைய எங்கடி காணோம்?"

"காலையில மொத வேட்டுப் போட்டாகள்ல அத்த, அப்ப ஓடுனது. உடங்காட்டு முள்ளுக்குள்ள போயிருச்சு."

"பாத்தியா! தின்ன சோத்துக்கு நன்றி வேணாம்? கறுத்த மூஞ்சியும் அதுவும்!"

சின்னத்தாய்க்குச் சுருக்கென்றது. செவலை அப்பாவின் வேட்டை நாய், பொட்டை. ஒட்டிய வயிறு, முள் கீறிய விலா, அழகென்று சொல்ல ஒரு முடிகூடக் கிடையாது. ஆனால் ஒரு சீழ்க்கை போதும், காட்டின் அந்தக் கோடியிலிருந்து திரும்பி வரும். பிடித்த முயலில் பல் பதியாமல் கொண்டுவந்து அவர் காலடியில் வைக்கும்.

இந்த இரண்டு நாய்களால் அப்பனும் மகனும் போட்ட சண்டை கொஞ்சமா?

"நாய் வளக்குறியா, பொண்ணு பாக்குறியாடா? தோலு வெளுப்பு, மூக்கு செவப்புங்குற?"

"அது கோப்பை வாங்கியிருக்குப்பா."

"கோப்பை போயி முயலப் பிடிச்சுக் குடுக்குமா? பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா அது?"

"அது அதோட கெத்து. ஜாதி நாயி அப்பிடித்தான் இருக்கும்."

ஆவணியில் செவலையைத் துரையோடு சேர்க்க வேண்டும் என்பது மருதுவின் ஆசை. ஜமீனிலிருந்தும் வெள்ளைக் குட்டி கேட்டிருந்தார்கள். கிழவர் ஒத்துக்கொள்ளவேயில்லை. சின்னத்தாயின் புருசன் விருமாண்டி, பேரையூரில் ஒரு நாய் வளர்த்தான். பன்றி ஒரு காதைக் கிழித்துவிட, ஒற்றைக் காதோடு திரியும் வேட்டை நாய் அது. செவலைக்கு அதுதான் சோடி என்பார் அவர்.

போன வாரம் படுக்கையில் விழுந்ததும் மகளைக் கூப்பிட்டு அதைத்தான் சொன்னார்.

"ஆத்தா, செவலைய அந்த வெள்ளைக்காரனோட சேர விட்டுராத."

"நான் பொறந்த வீட்டுல பேசுனா எடுபடுமாப்பா? புருசன் நாய்க்காகப் பேசுறான்னு அண்ணன் சொல்லும்."

 "அப்ப பேசாம செய்யி," என்றார்.

என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை. நேற்று மத்தியானம் மூச்சு இழுத்தது. வாயில் பால் விட வேண்டும் என்று பதறி ஓடிய அன்னக்கொடி, அவசரத்துக்கு டம்ளர் அகப்படாமல், மாடத்தில் இருந்த வெள்ளிக் கோப்பையில் பாலை ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கோப்பை உதட்டில் பட்டதும் கிழவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பரவால்ல… இதுவும் ஒரு வேலை செஞ்சிருச்சு," என்றார்.

அதோடு சரி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூமாலையோடு வந்த ஜமீன் காரியஸ்தர், கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

"மருது, இதுவா அந்த நாய்? அடடா, என்ன விசுவாசம்! இந்த வித்துலதான் குட்டி வேணும் எங்களுக்கு."

"ஆவணியில ஏற்பாடு பண்ணிருவோங்க," என்றான் மருது. "இனிமே தடுக்கவும் ஆளில்ல."

சின்னத்தாயின் கை, ஈயை விரட்டாமல் அப்படியே நின்றது.

பொழுது சாயப் பாடை கிளம்பியது. தூக்கும்போது வாசலில் பெரிய வேட்டு ஒன்று போட்டார்கள். கோழிகள் கூரைக்குப் பறந்தன. கட்டுத்தறியில் காளை கயிற்றை அறுத்தது. இருளாயியே ஒப்பாரியை விட்டுவிட்டு "ஆத்தாடி!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

துரையின் காது மடல்கூட அசையவில்லை.

சின்னத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் தெருவைத் தாண்டிப் போனதும், கட்டிலை நகர்த்தினாள். வெயில் முகத்தில் விழ, துரை திடுக்கிட்டு எழுந்து வாலாட்டியது. பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். அவள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, நாயின் முதுகுப் பக்கம் நின்று, கல்தரையில் போட்டாள்.

தாம்பாளம் கணகணவென்று உருண்டு அடங்கியது. துரை எதிரே பறந்த தும்பியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

"என்னாடி அது சத்தம்?" என்று உள்ளேயிருந்து கத்தினாள் இருளாயி.

சின்னத்தாய்க்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. காவல் தெய்வம்! கெத்து! நெற்றியில் திருநீறு வேறு! சேலையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தாள். தோள் குலுங்கியது.

"பாவம், பெத்த மகள்ல," என்று, தண்ணீரோடு திரும்பிய பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "அழுது தீத்துரும்மா." சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் எங்கேயோ நிஜக் கண்ணீராக மாறியது. இதை ஓடிப்போய்ச் சொல்லிச் சிரிக்க வேண்டிய ஆள் இப்போதுதான் தெருவைத் தாண்டியிருந்தார்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் ஈர வேட்டியோடு திரும்பினார்கள். கட்டில் கிடந்த இடத்தைக் கழுவி விளக்கு ஏற்றியிருந்தார்கள். மொட்டைத் தலையோடு மருது விளக்கைக் கும்பிட்டுவிட்டு நடையில் உட்கார்ந்தான். துரை முற்றத்தில் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. சின்னத்தாய் அண்ணனுக்குச் சுக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, துரையக் கூப்பிடு."

"எதுக்கு? அது துக்கத்துல கெடக்கு."

"கூப்பிடேன்."

"துரை!" என்றான். "டேய் துரை!"

"இன்னும் சத்தமா."

மருது கத்தினான். தெருவில் போனவன் திரும்பிப் பார்த்தான். மருது எழுந்து, நாயின் பின்னால் போய்க் கையைத் தட்டினான். மறுபடி தட்டினான். அவன் நிழல் மேலே விழுந்த பிறகுதான் துரை தலையைத் திருப்பி, அவனைக் கண்டதும் சந்தோசமாக வாலை ஆட்டியது.

மருது அதன் பக்கத்திலேயே குந்தினான். அதன் காது மடலை விரித்துப் பார்த்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றான் கடைசியில்.

"தெரிஞ்சா விட்டிருப்பாரா? கொட்டு வச்சு ஊருக்கே சொல்லியிருப்பாரு."

மருதுவின் உதடு கோணியது. பக்கத்தில் நின்ற விருமாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிக்காத மாப்ள. சாவு வீடு."

"நான் எங்க சிரிச்சேன் மச்சான்?"

"இதோட குட்டிக்கும் கேக்காம போயிருமோ?"

"போகலாம். அம்புட்டும் போகணும்னு இல்ல. சீழ்க்க கேக்காத நாயி காட்டுக்குள்ள என்னா பண்ணும்?" என்ற விருமாண்டி, துரையின் முகவாயைத் தடவினான். "அது கெடக்கு. எம்புட்டு அழகா இருக்கு பாரு. அழகுக்கு ஒன்னு இருக்கட்டும்."

அப்போது வேலியோரம் சலசலத்தது. செவலை வந்தது. உடம்பெல்லாம் புழுதி, முகத்தில் முள் கீறல், வாயில் ஒரு முயல்.

"அது பயந்து ஓடல மச்சான்," என்றான் விருமாண்டி மெதுவாக. "புதருக்குள்ள வேட்டு வீசித்தான மாமா முயல வெளிய கெளப்புவாரு? காலையில வேட்டுச் சத்தம் கேட்டதும் வேலைக்குப் போயிருக்கு."

செவலை யாரையும் பார்க்கவில்லை. நேரே கட்டில் கிடந்த இடத்துக்குப் போய், விளக்குக்கு முன்னால் முயலை வைத்துவிட்டு, தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

"துக்க வீட்டுல கறியா? தூக்கி எறிங்கடி!" என்று எழுந்தாள் இருளாயி.

"இரு அத்த," என்றான் மருது.

அவன் போய்ச் செவலையின் தலையில் கையை வைத்தான். அது அந்தக் கையை மோந்து பார்த்தது. பிறகு மூச்சிரைத்தபடி கீழே உட்கார்ந்தது.

"மாப்ள," என்றான் மருது, திரும்பாமல். "ஆவணியில ஒன்னோட ஒத்தக்காதனுக்கு வேற சோலி ஒன்னும் இல்லையே?"

"அவனுக்கென்ன, சும்மாதான் திரியிறான்."

சின்னத்தாய் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் கீழே வைத்த சுக்குத் தண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றாள். மருது மாடத்திலிருந்து வெள்ளிக் கோப்பையை எடுத்தான். பானையிலிருந்து அதில் தண்ணீர் மொண்டு செவலையின் முன்னால் வைத்தான்.

செவலை குடித்தது. வெள்ளியில் நாக்குப் படும் சளக் சளக் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. திருநீறு கலையாத நெற்றியோடு துரை புரண்டு படுத்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.