படத்தில் ஏறிய பெயர்

படம் அப்புத்துரை என்றால் மாங்குளம் தொட்டு நாயாறு வரைக்கும் தெரியும். சினிமாப் படமில்லை, நிலப்படம். இருபத்தெட்டு வருடம் நில அளவைக்காரரோடு காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்த மனிதர். ஒரு மைலை ஒரு அங்குலமாகக் கீறிய அரசாங்கத் தாளை விரித்தால், மற்றவர்களுக்குப் புழு ஊர்ந்த மாதிரித் தெரிகிறதையெல்லாம் இவர் இது ஆறு, இது வண்டில் பாதை, இது தூர்ந்த குளம் என்று கடகடவென்று வாசிப்பார். எல்லைத் தகராறு என்றால் ஊர் அதிகாரி விதானையாரே இவரிடம்தான் ஆளனுப்புவார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் ஜமால்தீன் மாஸ்ரர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின் கரியரில் பழைய பேப்பரில் சுற்றிய இரண்டு படங்கள். மாஸ்ரர் தன்னுடைய ஊரின் வரலாறு எழுதுகிறார். நாலு வருடமாக எழுதுகிறார். கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, பழைய படங்களின் பிரதியை எடுப்பித்திருந்தார்.

"ஐயா, இதைப் பாருங்கோ." இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மூலைகளில் தேத்தண்ணிக் கோப்பையும் சீனிப் போத்தலும் வைத்தார். "முந்தின படத்தில எங்கட ஊரே இல்லை, வெறுங்காடு. முப்பத்தொராம் ஆண்டுப் படத்திலதான் முதல்முதலா வருது. வரேக்கையே இந்தப் பேரோட வருது."

அப்புத்துரை குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமில்லை. நாயாற்றுப் பாதையிலிருந்து மேற்கே பிரிகிற வண்டில் தடத்தின் முடிவில், நீல நிறத்தில் ஒரு சின்ன மடு. பக்கத்தில் இங்கிலீசு எழுத்தில் 'நொண்டிச்சிமடு'.

"எங்கட ஆக்கள் முத்தலிப் மடு எண்டுதான் சொல்லுறது. என்ரை வாப்பா முத்தலிப்பும் உம்மாவும் தங்கட கையால வெட்டினது. வெட்டேக்கை கரை சரிஞ்சு விழுந்துதான் உம்மாட கால் போனது. அடுத்த வருசம் வாப்பா காய்ச்சலில மௌத்தாப் போனார்." மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காணிப் பேமிற்றில நொண்டிச்சிமடு, பள்ளிக்கூட வரவு டாப்பில நொண்டிச்சிமடு. இப்ப எங்களுக்குத் தபால் கந்தோர் வரப்போகுது ஐயா. அதுக்கும் படத்தில உள்ள பேர்தானாம். இனி எங்களுக்கு வாற போற ஒவ்வொரு கடிதத்திலயும் என்ரை உம்மாவின்ர காலை முத்திரையாக் குத்தி அனுப்புவாங்கள்."

கரை சரிந்த கதை அப்புத்துரைக்கு அதுவரை தெரியாது. பிறவி நொண்டி என்றுதான் நினைத்திருந்தார்.

"மாத்தச் சொல்லி எழுதினனான். பதில் வந்திருக்கு. அண்டைக்கு அளவைக்காரருக்குப் பேர் சொன்ன ஆள் தானே வந்து, நான் சொன்னது பிழையெண்டு கையெழுத்து வைச்சால் மாத்தலாமாம். இந்த மாசம் முடியமுந்தி வேணும். நீங்களும் அந்தக் கூட்டத்தில நிண்டனீங்கள்தானே? உம்மா சொன்னவ. ஆர் ஐயா சொன்னது?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே 'நான்தான் தம்பி' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெட்கம் ஒரு பங்கோடு முடிந்திருக்கும். ஆனால் மனிதர் என்ன செய்தார் தெரியுமோ? வாய் கூசாமல், "எங்கட கங்காணி சிற்றம்பலம்தான் சொன்னது" என்றார். சிற்றம்பலம் செத்துப் பதினொரு வருடம். செத்தவன் எழும்பி வந்து மறுக்கவா போகிறான்?

"அந்தாள் காலமாயிட்டாரே!" மாஸ்ரரின் முகம் விழுந்துவிட்டது. பிறகு கொப்பியை எடுத்து, சிற்றம்பலத்தின் பெயரைத் தெளிவாக எழுதிக் கீழே கோடும் போட்டார். "அப்ப இனி ஒண்டும் செய்யேலாது. நீங்கள் உண்மையைச் சொன்னதே பெரிய உதவி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசிச் சொல் அப்புத்துரையின் நெஞ்சுக்குள் போய் இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது.

நடந்தது இதுதான். முப்பத்தோராம் ஆண்டு, அப்புத்துரைக்கு இருபது வயது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். உச்சி வெயிலில் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், கண்ட மடுவுக்குள் சேற்றுக் காலோடு இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அது குடிதண்ணீர் மடு. மாஸ்ரரின் உம்மா சரீபா காலை இழுத்து இழுத்து வந்து, "அறிவு கெட்டவனே, எங்கட பிள்ளையள் குடிக்கிற தண்ணியடா! உன்ர வீட்டுக் கிணத்துக்குள்ள இப்பிடித்தான் இறங்குவியோ?" என்று கிழி கிழியென்று கிழித்தாள். அளவைக்காரனான வெள்ளைக்காரத் துரை பார்த்துக்கொண்டு நின்றான். கூட வந்தவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இளந்தாரிக்கு மானம் போய்விட்டது.

பின்னேரம் கூடாரத்தில் துரை மூன்றுகால் மேசையில் தாளை விரித்து, இந்த மடுவுக்குப் பெயர் என்ன என்று கேட்டான். அந்தப் பக்கத்து இடங்களின் பெயர் சொல்லுகிற வேலை அப்புத்துரையினுடையது. காலையிலேயே முத்தலிப் மடு என்று விசாரித்து வைத்திருந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு. "நொண்டிச்சிமடு, துரை" என்றார். கூடாரமே கொல்லென்று சிரித்தது. துரைக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டான். அவ்வளவுதான். ஒரு நாள் பகிடி, நாளைக்கு மறந்துவிடும் என்று நினைத்தார். தாளில் ஏறியதை மழை கழுவுமா?

இதில் இன்னொரு கூத்து. சரீபா அந்த ஏச்சோடு கோபத்தை விட்டுவிட்டவள். அப்புத்துரை கலியாணம் செய்து பக்கத்து ஊரிலேயே குடிவந்த நாள் தொட்டு, எங்கே கண்டாலும் நின்று சுகம் கேட்பாள். அவருடைய மனைவி அன்னபாக்கியத்துக்கு முதல் பிள்ளைப்பேறு கடுமையாகப்போன நேரம் மூன்று நாள் வந்து பக்கத்திலேயே இருந்தவள். இந்த அன்பு எதற்கென்று அப்புத்துரைக்கு விளங்கியதேயில்லை. கேட்கவும் பயம்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னப்பா, மாஸ்ரர் வந்துபோன நாள் தொட்டு ஒரு மாதிரி இருக்கிறியள்? என்ன நடந்தது?" என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கோ முகம் இப்பிடிக் கிடக்குது?"

சொன்னார். முழுவதையும் சொன்னார். சிற்றம்பலத்தின் தலையில் போட்டதையும் சொன்னார்.

"அந்த மனிசி என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மூண்டு நாள் கண் மூடேல்ல" என்றாள் அன்னபாக்கியம். "சீ! உங்களுக்கு வெக்கமாயில்லையோ? எழும்புங்கோ. சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ."

நாலரை மைல். சைக்கிளை மிதித்த நேரத்தைவிட உருட்டிக்கொண்டு நடந்த நேரம்தான் கூட. இரண்டு தரம் திரும்பிவிடப் பார்த்தார். ஐம்பது வயது கடந்த மனிதர், விதானையார் கதிரை போட்டு இருத்துகிற மனிதர், ஒரு பெண்ணுக்கு முன்னால் போய் நின்று இதைச் சொல்லவேண்டும். காது மடல் கொதித்தது. வேறு வழியும் இல்லை. கையெழுத்து வைக்கக்கூடிய கை இந்த உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரீபா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கோ தம்பி! அன்னபாக்கியம் சுகமே?" என்று முகமெல்லாம் மலர எழும்பி வந்தாள். மாஸ்ரரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதிரையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அப்புத்துரை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "அக்கா, சிற்றம்பலம் சொல்லேல்ல. அந்தப் பேரைச் சொன்னது நான். மத்தியானம் நீங்கள் ஏசின கோவத்தில சொன்னனான். மாஸ்ரருக்கும் பொய்தான் சொன்னனான். கடுதாசியைத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

மாஸ்ரரின் பேனை நின்றது. அவர் எழும்பினார். வாயைத் திறந்தார். சரீபா கையைக் காட்டி மகனை அடக்கினாள்.

"நீங்களோ?" என்றாள்.

"ஓம்."

"இல்லைத் தம்பி. நீங்களா இருக்காது." அவளுடைய குரலில் கோபமில்லை. பிடிவாதம்தான் இருந்தது. "ஏசினது எனக்கு மனசுக்குச் சரியில்லை. பாவம், தண்ணி விடாய்தானே எண்டு, பின்னேரம் ஒரு சட்டி மோர் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வந்தனான். அந்தப் பேர் என்ரை காதில விழுந்தது. ஆர்ரை குரலெண்டு பிடிபடேல்ல. கூடாரச் சீலை இடைவெளியால பாத்தன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கள். ஒருத்தன் என்னை மாதிரி நடந்தும் காட்டுறான். நீங்கள் ஒராள்தான் தலையைக் குனிஞ்சுகொண்டு சிரிக்காமல் நிண்டீங்கள். மோரைத் திருப்பிக் கொண்டுபோனன். வழி முழுக்க அழுகை. ஆனா அவ்வளவு பேருக்குள்ள ஒரு பிள்ளையாவது எனக்காக மனம் நொந்து நிண்டுதே எண்டு, இண்டுவரைக்கும் உங்களை என்ரை கூடப்பிறந்த தம்பியாத்தான் நினைச்சிருக்கிறன்."

அப்புத்துரைக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"நீங்கள் சொல்லியிருந்தால், ஏன் சிரிக்கேல்ல?" என்று கேட்டாள் சரீபா. இல்லையென்று சொல்லிவிடமாட்டானா என்று அவள் கண் கெஞ்சியது.

இன்னொரு பொய் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. நல்ல பொய், அவளுக்கும் ஆறுதலான பொய். அப்புத்துரை அதை எடுக்கவில்லை.

"பகிடி விடுறவன் தானே சிரிச்சால், மற்றவை சிரிக்கமாட்டினம் அக்கா" என்றார்.

சரீபா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மகனிடம், "கடுதாசியைக் குடு மனே" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அவர் கையெழுத்து வைத்து முடித்து, சைக்கிளை எடுத்து, படலையைச் சாத்தும்வரை அவள் வெளியே வரவில்லை.